ஷெங்கன் கைவிட்டுச்சு, அமிர்தி சேத்துக்கிச்சு

மொதல்லயே சொல்லிடறேன். இது யூரோப் போயிட்டு வந்த கதை இல்ல. யூரோப் போகாம வந்த கதை.

(பாரிஸ் ஃபோட்டோ பாக்கலாம்னு ஏறினவங்க இப்பவே எறங்கிக்கலாம். அடுத்த ஸ்டாப் கணியம்பாடி.)

எழுதணும்னு பெருசா ஆசை ஒண்ணும் இல்ல. ஆனா போன வாரம் அமிர்தில எடுத்த நாலு ஃபோட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டேன். அரை மணி நேரத்துல சென்னைல இருக்கற சித்தப்பா பையன்கிட்டேந்து பதில் வருது. "அமிர்தியா? அங்க இன்னா இருக்கு?"

அவன் ரெண்டு வருஷம் முன்னாடி பத்து நாள்ல ஏழு நாடு பாத்தவன். எந்தெந்த நாடுன்னு கேட்டா ஃபோனை எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவான். அவனுக்குப் பதில் அடிக்க ஆரம்பிச்சேன். நீண்டுக்கிட்டே போச்சு. சரி, இங்கயே போட்டுடலாம்னு வந்துட்டேன்.

நாங்க நாலு பேரு. வேலூர்ல ஒரே ஸ்கூலு, ஒரே பெஞ்சு. இப்ப ஒருத்தன் அரசுப் பள்ளில கணக்கு வாத்தியார். ஒருத்தன் பேங்க்ல இருக்கான். ஒருத்தன் ஆம்பூர்ல ஷூ கம்பெனி. நாலாவது நானு, வீட்டுல உக்காந்து புக்கு லேஅவுட் பண்றவன். எங்க நாலு பேருக்கும் சேந்தாப்புல லீவு கிடைக்கறது மே மாசம் மட்டும்தான், வாத்தியாருக்காக. அதனால ரெண்டு வருஷமா ஒரு வாட்ஸப் குரூப் ஓடிட்டிருந்துச்சு. பேரு 'யூரோப் நாலு பேர்'.

அந்த குரூப்ல நடந்த சண்டைய மட்டும் புக்கு போட்டா முன்னூறு பக்கம் வரும்.

வாத்தியாருக்கு சுவிட்சர்லாந்து. (அவங்கப்பா சின்ன வயசுல 'சிவந்த மண்' பாத்துட்டு வீட்டுல சொல்லிட்டே இருப்பாராம். 1969-ல வந்த படம், ஸ்ரீதர் டைரக்‌ஷன். வெளிநாட்டுல போய் எடுத்ததுக்காகவே ஜனங்க அதை ரெண்டாவது தடவ பாத்தாங்கம்பாரு.) பேங்க்காரனுக்கு இத்தாலி. ஷூக்காரனுக்கு ஜெர்மனி, ஏன்னு அப்புறம் சொல்றேன். எனக்கு பாரிஸ்.

இதுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. ஷெங்கன்ல இப்ப 29 நாடு. ஒரு விசா இருந்தா எல்லாத்துலயும் சுத்தலாம், ஆனா விசா கேக்கறது ஒரே நாட்டுகிட்டதான். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறமோ அவங்ககிட்ட. எல்லா நாட்டுலயும் சம நாள்னா மொதல்ல கால் வெக்கற நாட்டுகிட்ட. ஆக யாருக்கு எத்தன நாளுங்கறது வெறும் ஆசை இல்ல, அப்ளிகேஷனே அதுலதான் நிக்குது. வாத்தியார் நாள்களை எல்லாம் பின்னமாப் பிரிச்சு ஒரு எக்செல் போட்டாரு. அதுல எனக்கு பாரிஸ்ல ஒண்ணே கால் நாள் வந்துச்சு. அந்தக் கால் நாள்ல நான் என்ன பண்றது?

அப்புறம் பேப்பரு. ஃபோட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், முகம் இத்தன சதவீதம் தெரியணும். பேங்க் ஸ்டேட்மென்ட். வருமான வரி பேப்பர். 30,000 யூரோவுக்குக் கொறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ். லீவு லெட்டர். வாத்தியார் பாவம், அரசு ஊழியர், வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று வேணும். அந்த ஃபைல் ஒவ்வொரு மேசையா நகந்து வர்றதுக்குள்ள அவர் ஒரு பரீட்சை நடத்தி, பேப்பர் திருத்தி, ரிசல்ட்டும் குடுத்துட்டாரு.

ஃபீஸ் ஆளுக்கு 90 யூரோ. 2024 ஜூன்லதான் எண்பதுலேந்து ஏத்தினாங்க. நம்ம காசுல ஒன்பதாயிரம் கிட்ட. விசா வந்தாலும் வரலைனாலும் திரும்பாது. கோயில் உண்டியல்ல கூட வேண்டுதல் நிறைவேறினப்புறம் போடலாம், இங்க முன்னாடியே போடணும்.

மூணு பேருக்கு வந்துச்சு.

எனக்கு வரல.

ஒரு அச்சடிச்ச ஃபாரம், அதுல வரிசையா காரணங்கள், ஒரு கட்டத்துல டிக். சுருக்கமா சொன்னா, நான் விசா முடியறதுக்குள்ள திரும்பி ஊருக்குப் போவேங்கறதுல அவங்களுக்கு சந்தேகம். மாசச் சம்பளம் இல்ல, கல்யாணம் இல்ல, சொந்த வீடு அம்மா பேர்ல. கட்டிப்போட ஒரு கயிறும் இல்லாத ஆளு, அங்கயே தங்கிட்டா?

தங்கறதாம், நானு! வேலைக்காக பெங்களூர் போயிட்டு, சாம்பார் இனிக்குதுன்னு பதினோராவது நாள் பஸ் ஏறி வந்தவன் நான். வேலூர் வெயிலுக்கு 'வெயிலூர்'னு பேரு வெச்சுத் திட்டிக்கிட்டே நாப்பது வருஷமா இங்கயே கெடக்கறவன். இதையெல்லாம் எழுத அந்த ஃபாரத்துல எடம் இல்ல.

(ஒரு உபயோகமான தகவல்: விசா கைல வர்றதுக்கு முன்னாடி காசு கட்டி டிக்கெட் எடுக்காதீங்க. அப்ளிகேஷனுக்கு ரிசர்வேஷன் காட்டினா போதும். 'ஆஃபர் முடியுது மச்சி'ன்னு பேங்க்காரன் அவசரப்பட்டு நாலு பேருக்கும் எடுத்தான். கேன்சல் பண்ணினதுல ஆளுக்குப் பதினெட்டாயிரம் போச்சு. பேங்க்காரன் சொல்றான்னு பணத்தைப் போடாதீங்கங்கறது ரெண்டாவது உபயோகமான தகவல்.)

மீதி மூணு பேரு போவாங்கன்னுதான் நெனச்சேன். போங்கடான்னும் சொன்னேன். குரூப்ல ரெண்டு நாள் யாரும் ஒண்ணும் பேசல. மூணாவது நாள் குரூப் பேரு மாறியிருந்துச்சு. 'அமிர்தி நாலு பேர்'.

வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஷூக்காரனோட பழைய வேகன்-ஆர்ல கெளம்பினோம். யூரோப்புக்குன்னு வாங்கினதெல்லாம் திருப்பிக் குடுக்க முடியாது இல்லையா, அதனால அதெல்லாமும் கூடவே வந்துச்சு. சன்ஸ்க்ரீன். ப்ளக் மாத்தறதுக்கு அடாப்டர். (ஜவ்வாது மலைல நம்ம ப்ளக்குதான்டா.) பிளைட்ல தூங்கறதுக்கு வாத்தியார் வாங்கின கழுத்துத் தலையணை, நீலக் கலர். அதை மாட்டிக்கிட்டு அவர் முன் சீட்டுல உக்காந்திருந்தாரு. வேலூர்லேந்து அமிர்தி இருபத்தஞ்சு கிலோமீட்டர். கணியம்பாடி தாண்டறதுக்குள்ள தூங்கிட்டாரு.

அமிர்தி எங்களுக்குப் புதுசு இல்ல. வேலூர்ல படிச்ச எல்லாப் பசங்களுக்கும் உலகத்துலயே மொத டூர் அதுதான். ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன்னா ஒண்ணு கோட்டை, இல்ல அமிர்தி. புளிசோறு டப்பா, வாட்டர் பாட்டில், மூக்கை ஒழுகவிட்டுட்டு வரிசைல நின்னது. ஜவ்வாது மலையோட அடிவாரம். ஒரு சின்ன ஆறு, தேக்கு மரம், அதுக்கு நடுவுல வனத்துறையோட சின்ன உயிரியல் பூங்கா. 1967-லேந்து இருக்கு. எங்களவிட வயசுல மூத்தது, எங்களவிட நல்லா மெயின்டெயின் ஆகியிருக்கு.

புள்ளிமான் இருக்கு, மயில் இருக்கு, முதலை இருக்கு. நாலாங்கிளாஸ்ல பாத்த அதே முதலைன்னு ஷூக்காரன் சத்தியம் பண்றான். வாயைத் தொறந்து வெச்ச ஆங்கிள் கூட மாறலையாம்.

எங்களுக்கு முக்கியம் நீர்வீழ்ச்சிதான். கேட்டுகிட்ட இருந்த வாட்சர் அண்ணன் எங்க ஷூவையும் தொப்பியையும் பாத்துட்டு மரியாதையாவே சொன்னாரு.

"தண்ணி இல்லீங்களே சார். மழைக்கப்புறம் வந்திருக்கணும்."

"பரவாயில்லண்ணே, பாத்துட்டு வந்துடறோம்."

"பாருங்க. பாறை இருக்குது."

பாறை இருந்துச்சு. காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதைல நடந்து, தேக்கு எலை காலுக்கடில அப்பளம் மாதிரி நொறுங்க, வேர்த்து விறுவிறுத்துப் போய்ப் பாத்தா, வீழ்ச்சி மட்டும் இருக்கு. நீர் லீவுல போயிருக்கு. உசரமான பாறைல மழைக்காலத்துல தண்ணி எறங்குன தடம், கறுப்பா, பாசி காஞ்சு போயி. கீழ பள்ளத்துல மட்டும் ஒரு அண்டா அளவு தண்ணி.

ஆனா அந்த அண்டா அளவு தண்ணிக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். தலைப்பிரட்டைங்க இருந்துச்சு, ஒரு அம்பது அறுபது. தண்ணி வத்த வத்த எல்லாம் நடுவுல நெருக்கியடிச்சுக்கிட்டு. சிலதுக்குப் பின்னங்கால் வந்துடுச்சு, வால் இன்னும் போகல. தண்ணி வத்தறதுக்குள்ள முன்னங்காலும் மொளைச்சு கரையேறிடணும். ஏறிட்டா தவளை. இல்லைனா இல்ல. வாத்தியார் குனிஞ்சு எண்ணப் பாத்தாரு, இருபத்தி மூணுல தப்பிடுச்சு, மறுபடி ஒண்ணுலேந்து ஆரம்பிச்சாரு. பேங்க்காரன் தன் பாட்டில் தண்ணிய மெதுவா அதுக்குள்ள ஊத்தினான். ஒரு லிட்டர். "இதுல இன்னாடா ஆவப்போவுது"ன்னு ஷூக்காரன் கேட்டான். கேட்டுட்டு அவன் பாட்டிலையும் குடுத்தான்.

(பாட்டில் தண்ணிய அப்படிக் கலக்கலாமா, க்ளோரின் இருக்குமான்னு தெரிஞ்சவங்க திட்டுங்க. வாங்கிக்கறேன்.)

திரும்பி வந்து கார்கிட்ட தக்காளி சோத்தைப் பிரிச்சோம். கொரங்கு வரும்னு தெரியும். சோத்தை நாலு பேரும் மடியில வெச்சு மறைச்சுக்கிட்டோம். மிக்சர் பாக்கெட்டைக் காருக்குள்ள பூட்டினோம். பாதுகாப்பு ஏற்பாடு பலமா இருந்துச்சு. வந்த கொரங்கு சோத்தைப் பாக்கல, மிக்சரைப் பாக்கல. பானெட் மேல கெடந்த நீலக் கலர் கழுத்துத் தலையணைய எடுத்துக்கிட்டு நேரா மரத்துல ஏறிடுச்சு.

மேல போய் மொதல்ல கடிச்சுப் பாத்துச்சு. திங்கற பொருள் இல்லன்னு தெரிஞ்சுது. அப்புறம் அதுல தலைய விட்டுக்கிச்சு. வாத்தியார் கீழ நின்னு கிளாஸ்ல பேசற குரல்ல "டேய், குடு, மரியாதையா குடு"ங்கறாரு. அது கெளையில சாஞ்சுக்கிட்டு எங்களையே பாத்துச்சு. எண்ணூத்தி அம்பது ரூபா. யாருக்குன்னு வாங்கினாரோ, வாங்கினதுக்கு மொதல் தடவையா ஒழுங்காப் பயன்பட்டுச்சு.

அமிர்திலேந்து நம்மியம்பட்டு வழியா மேல ஏறினா ஜமுனாமரத்தூர். ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. பேங்க்காரன் ரெண்டு தடவ நிறுத்தச் சொன்னான், ஒரு தடவ காட்சி பாக்க. போற வழில வாத்தியார்தான் இதைக் கண்டுபிடிச்சாரு. அமிர்தி இருக்கறது வேலூர் மாவட்டம். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். நாளைக்குப் போகப்போற காவலூர், 2019-ல வேலூரைப் பிரிச்சப்பறம், திருப்பத்தூர் மாவட்டம். ஒரே மலைல ரெண்டு நாளுக்குள்ள மூணு எல்லை. எவனும் ஸ்டாம்ப் கேக்கல, பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்கல.

"இதுதான்டா ஷெங்கன்"னாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊர்ப் பலகைக்கும் "பாஸ்போர்ட்டை எடு"ன்னு ஜோக்கடிச்சு, ஆறாவது தடவ ஷூக்காரன் வண்டிய நிறுத்தி எறக்கிவிடப் போயிட்டான்.

இந்த எடத்துல ஒரு சின்னக் கோவம். மேல ஏறி ஒரு வளைவுல நின்னு பாத்தா, அடுக்கடுக்கா மலை, சரிவுல சாமைக்குன்னு உழுதுபோட்ட காடு, நடுநடுவுல பலா மரம். உடனே பேங்க்காரன் வாய்ல வருது, "மினி சுவிட்சர்லாந்து மாதிரி இருக்குல்ல?" இந்த 'மினி' வியாதி நமக்கு எப்பதான் தீரும்? ஹிமாச்சல்ல கஜ்ஜியாரு மினி சுவிட்சர்லாந்து. ஆலப்புழா கிழக்கு வெனிஸு. கோயமுத்தூரு தென்னிந்திய மான்செஸ்டரு. வெள்ளைக்காரன் ஊரு கிடைக்கலைனா ஊட்டியப் புடிச்சுக்கறோம். ஏலகிரி ஏழைகளின் ஊட்டியாம். ஏன், ஏலகிரிய ஏலகிரின்னு சொன்னா யாரும் வரமாட்டாங்களா? அங்க ஆல்ப்ஸ்ல ஒரு சரிவப் பாத்துட்டு, 'அட, அப்படியே நம்மியம்பட்டு மாதிரி இருக்கே'ன்னு எவனாவது ஒருத்தன் சொல்லியிருப்பானா?

சொன்னேன் இதை. "உனக்கு விசா கிடைக்கல, அதான் பேசற"ன்னான் பேங்க்காரன். அதுவும் உண்மைதான்.

(இன்னொண்ணு, ஜவ்வாது மலைல ஜவ்வாது வாங்கிட்டு வாங்கன்னு அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. அங்க தேன், புளி, சாமை, பலா வாங்கலாம். ஜவ்வாது வேலூர்லயே கடைல கிடைக்கும்.)

ரோட்டோரத்துல ஒரு ஆயா பலாப்பழம் வெச்சிருந்தாங்க. மலையாளி ஜனம். (கேரளா இல்ல. மலையில வாழற பழங்குடி, பேரு அப்படி. காஞ்சிபுரத்துலேந்து வந்தோம்னு அவங்களுக்குள்ள ஒரு பழைய கதை உண்டு.) நாங்க முழுப்பழம் ஒண்ணு வாங்கினோம், வீரமா, நாங்களே வெட்டிக்கறோம்னுட்டு. கைக்கு எண்ணெய் தடவணும்னு தெரியும். எண்ணெய் இல்ல. சன்ஸ்க்ரீன் இருந்துச்சு.

தடவிக்கிட்டோம். எஸ்பிஎஃப் அம்பது.

பலாப் பாலுக்கு அது ஒண்ணும் பண்ணாது, எழுதி வெச்சுக்கோங்க. ஒட்டுச்சு. வெரலும் வெரலும் ஒட்டுச்சு, கத்தி கைல ஒட்டுச்சு, சடையெல்லாம் முழங்கை வரைக்கும் ஒட்டுச்சு, போதாததுக்கு சுளையெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. ஆயா கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் எழுந்து வந்து, ஒரு சின்ன பாட்டில்லேந்து தேங்காண்ணெய் எடுத்துக் கத்திலயும் கைலயும் தடவி, நடுவுல இருக்கற தண்டை ஒரே சுத்துல அறுத்து எடுத்தாங்க. அதுக்கப்புறம் சுளை தானா கழண்டு வருது. நாங்க அரை மணி நேரமா மல்லுக்கட்டினது, அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் ஆகல.

"எந்த ஊருப்பா?"

"வேலூருதான் ஆயா. வெளிநாடு போறதா இருந்துச்சு. போகல, இங்க வந்துட்டோம்."

"ஏன், வேணாம்னுட்டாங்களா?"

"இவன மட்டும்."

ஆயா என்னை ஒரு தடவ மேலேந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. தூதரகத்துல கூட அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க. "நல்லாத்தான கீற"ன்னுட்டு ரெண்டு சுளை சேத்துக் குடுத்தாங்க.

ராத்திரி ஜமுனாமரத்தூர்ல ரூம். சுமாரான ரூம்தான், ஒரு ஃபேன், ஆனா மே மாசத்துல போர்வை தேவைப்பட்டுச்சு. அதுவே எங்க ஊருக்கு அதிசயம். பத்து மணிக்குக் கரண்ட் போச்சு. வெளிய திண்ணைல உக்காந்தோம். அப்பத்தான் நான் கேட்டேன், நீங்க மூணு பேரும் ஏன்டா போகலன்னு.

ரொம்ப நேரம் கழிச்சு பேங்க்காரன் சொன்னான். "ரூம் வாடகை நாலா பிரிச்சுப் போட்டிருந்தேன். மூணா பிரிச்சா கணக்கு இடிக்குது."

வாத்தியார், "ஆமா, மீதி வருது"ன்னாரு.

அதுக்கு மேல அதப் பத்திப் பேசல.

சனிக்கிழமை காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட வைணு பாப்பு வானாய்வகம். சனிக்கிழமைல பொதுஜனங்களை விடறாங்க (போறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிச்சுட்டுப் போங்க). இங்க எங்களுக்கு ஒரு ஆச்சரியம். பெரிய தொலைநோக்கி, 2.3 மீட்டர், இங்கயே உருவாக்கி 1986-லேந்து ஓடறது, அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கும் முன்னாடி 1972-ல வெச்ச ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒண்ணு இருக்கு. கார்ல் ஸைஸ் கம்பெனி, ஜெர்மனில ஜெனா ஊரு. ஷூக்காரன் போகணும்னு துடிச்ச ஜெர்மனி, அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆலங்காயத்துக்குப் பக்கத்துல வந்து உக்காந்திருக்கு! சும்மா உக்காந்தும் இல்ல. வந்த வருஷமே வியாழனோட நிலா கானிமீடுக்குக் காத்து மண்டலம் இருக்கறதுக்கான தடயத்தைப் புடிச்சுது. 1977-ல யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்ச அந்த நிகழ்வைப் பதிவு பண்ணின தொலைநோக்கிகள்ல இதுவும் ஒண்ணு.

வாத்தியார் நின்னது வேற எடத்துல. 1988-ல இங்கேந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சாங்க, நம்பர் 4130. அதுக்கு ராமானுஜன்னு பேரு. கணக்கு ராமானுஜன்தான். இதைக் கேட்டதுலேந்து அவருக்குக் கழுத்துத் தலையணை போன துக்கமே போச்சு. ராத்திரி இருந்து வானத்தப் பாத்துட்டுத்தான் வரணும்னாரு. அஞ்சு மணிக்கு மேகம் கூடுச்சு. ஆறு மணிக்குக் கோடை மழை கொட்டுச்சு. நட்சத்திரம் ஒண்ணு கூடப் பாக்கல. ஆனா மழைல நனைஞ்சுக்கிட்டே வாத்தியார் அண்ணாந்து பாத்து, "அமிர்தில அந்தத் தலைப்பிரட்டைக்கெல்லாம் இந்நேரம் தண்ணி வந்திருக்கும்"னாரு. அங்க பேஞ்சுதான்னு எங்களுக்குத் தெரியாது. பேஞ்சிருக்கும்னே வெச்சுக்கிட்டோம்.

எறங்கி ஆலங்காயம், வாணியம்பாடி, ஹைவே புடிச்சு ஆம்பூர். ஆம்பூர்ல என்ன பண்ணியிருப்போம்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. சீரகச் சம்பா, எண்ணெ கத்திரிக்கா. சாப்புட்டுட்டு இருக்கும்போது ஷூக்காரனுக்கு ஃபோன். கம்பெனிலேந்து. ஒரு லாட்டு பேக்கிங் முடிஞ்சுதான்னு கேக்கறாங்க. எந்த நாட்டுக்குடான்னேன். "ஜெர்மனி. சைஸு நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு." பதினெட்டு வருஷமா அவன் கை பட்ட ஷூ அங்க எவன் எவன் காலுலயோ நடந்துட்டிருக்கு. அது எந்த ரோட்டுலதான் நடக்குதுன்னு ஒரு தடவ பாக்கணும். அதுக்காகத்தான் அவனுக்கு ஜெர்மனி. இதை ரெண்டு வருஷச் சண்டைல ஒரு நாள் கூட அவன் சொல்லல, பிரியாணிக்கு நடுவுல சொல்றான்.

அடுத்த வருஷம் நான் மறுபடி அப்ளை பண்றேன். இந்தத் தடவ ஜெர்மனிக்கு அதிக நாள் போட்டிருக்கோம், வாத்தியாரே எக்செல்ல மாத்திட்டாரு.

தம்பி, 'அமிர்தில இன்னா இருக்கு'ன்னு கேட்டல்ல, மேல இருக்கறதுதான். மத்தவங்களுக்கு: மே மாசத்துல அருவி பாக்கப் போகாதீங்க, அக்டோபர் மழைக்கப்புறம் டிசம்பருக்குள்ள போங்க. பலாவுக்குத் தேங்காண்ணெய் எடுத்துட்டுப் போங்க. பார்க்குக்குப் பக்கத்துல மரத்து மேல நீலக் கலர்ல ஏதாவது தொங்கினா, அது எங்க வாத்தியாரோடது. எடுக்க ட்ரை பண்ணாதீங்க, கடிக்கும்.